அரை மாத்திரை

தாம்சன் சாலை மேட்டில், நிலையத்தின் இரண்டாம் கூடத்தில்
அட்டைப் புதருக்குப் பின்னால்
மண்டியிட்டிருப்பேன்
வாரம் இருபது நிமிடம், உடும்பாக.

வலக்கை அதன் தலைக்குள்.
நாலு விரல் மேல்தாடை, கட்டைவிரல் கீழ்த்தாடை.
இடக்கை பச்சை உறை மாட்டிக்கொண்டு
அதன் கையாகிவிடும்.
குரல் அருளப்பனுடையது.
மூலையில் ஒலிவாங்கி முன்
கோப்பிக் குவளையோடு நாற்காலியில் இருப்பார்.
அவருக்கு முட்டி வலிக்காது.

பச்சை என்பது எங்களுக்கு மட்டும் தெரியும்.
பெட்டிக்குள் போனால் சாம்பல்.

ஒரு வாரம் உடும்பு பரோட்டா தின்றது.
மறுநாளே கடிதங்கள்.
"பீச்சாங்கையால் சாப்பிடுகிறது.
என் மகனும் அந்தக் கையைத் தட்டில் வைக்கிறான்.
அதட்டினால், உடும்பண்ணன் மட்டும் வைக்கலாமா என்கிறான்."
மொத்தம் பதினொன்று. ஒன்று பதிவுத் தபாலில்.
தயாரிப்பாளர் சற்குணம் மேசையில் பரப்பினார்.
உடும்புக்கு ஏது சார் சோற்றுக்கை என்றேன்.
அவர் பிடி உடும்பைவிடக் கெட்டி.
"கையை மாத்தும்மா."

மாற்றினேன்.
சாப்பாடு ஒழுங்கானது,
பேச்சு கெட்டது.
என் இடக்கைக்குத் தமிழ் தெரியாது.
அருளப்பன் வணக்கம் சொல்லி
ஒரு மிடறு குடிக்கப் போகும்போதுதான்
அந்த 'ம்'முக்கு உடும்பு வாயை மூடும்.
எல்லாச் சொல்லும் அப்படி,
அரை மாத்திரை பிந்தி.
பேருந்தில் கைக்குட்டைக்கு அடியில் பழகினேன்
அ, ஆ, இ, ஈ.
எதிரே இருந்த சீனப் பெரியவர்
வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்.

மூன்றாம் வாரம் தோ பாயோவிலிருந்து ஓர் உறை.
கோணல் பென்சிலில்
ஹபிபுன்னிசா, வயது ஆறு.
"உடும்புக்கு வாய் சுளுக்கா?
இது காச்ச மாத்திரை.
பாதிதான் போடணும்.
அது சின்னப் பிள்ளை."

மிட்டாய்த் தாளில் சுற்றி,
யாருக்கும் தெரியாமல் கடித்துத் துண்டாக்கியிருக்க வேண்டும்,
ஓரத்தில் பல் பதிந்த
அரை மாத்திரை.
சற்குணம் குப்பையில் போடச் சொன்னார்.
அருளப்பனுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு,
இரண்டு முறை பதிவை நிறுத்தினோம்.

இரவு தோள்கள் இரண்டும் குடைந்தன.
எழுந்துபோய்
கைப்பையில் தேடி எடுத்து
தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.
கசந்தது.

அடுத்த வாரம் உடும்பு
"இப்ப தேவலாம் பாப்பா" என்றது.
அப்போதும் பிந்தித்தான்.