குழிகளை எண்ணுதல்

தீயணைப்பு வண்டிக் கொட்டகையின் பின்னறை.
ஞாயிற்றுக்கிழமை ஐந்து முதல் ஏழு வரை
பிரெகாலியாப் பள்ளத்தாக்கின் காளான்களுக்கு
நான்தான் சோதனை அதிகாரி.
ஒரு மேசை, ஒரு தராசு, வெள்ளை வெளிச்சம்,
மூன்று நகல் ரசீதுப் புத்தகம்.
கூடையோடு வருகிறார்கள்.
தின்னலாமா, கூடாதா,
அதை மட்டும் சொல் என்கிறார்கள்.

நான் காளான் தின்பதில்லை.
யாரும் கேட்டதில்லை.

முதலில் மோந்து பாருங்கள் என்பேன்.
இது சோம்பு. இது முள்ளங்கி.
இது மழையில் நனைந்த கோதுமை மாவு.
இதற்கு வாசமே இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
நீங்கள் பறித்து வந்தது செடி அல்ல;
கஷ்கொட்டை மரத்தின் வேர்நுனிகளைப் பற்றிக்கொண்டு
மண்ணுக்குள் காலமெல்லாம் ஓடும் நூல்
ஒரு வாரம் வெளியே வந்து பார்த்தது.
பிள்ளைகள் மூக்கை நீட்டுவார்கள்.
வெண்ணெயிலா, எண்ணெயிலா என்பாள் எல்வேட்சியா.

அன்று ஆறே முக்காலுக்கு கவுடென்ட்சியோ வந்தார்.
எல்லைச் சுங்கச் சாவடியில் வேலை,
எந்தப் பெட்டியையும் திறக்காமல் விடாதவர்.
கூடையில் ஏழு பச்சைக் குடைகள்,
தண்டு அரை விரல்கூட இல்லை.
ஆறை ஒடித்தேன்:
சுண்ணக்கட்டி போலப் பொட்டென்று முறிந்தன.
ஏழாவது முறியவில்லை.
நார் நாராய்க் கிழிந்தது.

கழுத்தில் வளையம் இல்லை. காலில் பை இல்லை.
இருந்திருக்கும். இரண்டும் காட்டிலேயே நின்றுவிட்டன.
ஏன் இப்படி மேலோடு அறுத்தீர்கள்?
சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார்.
‘பிடுங்காதீர்கள், கத்தியால் அறுங்கள்.’
போன வருடம் நான் அச்சடித்துக் கொடுத்தது.

கூடை முழுவதையும் வாளியில் கொட்டினேன்.
ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது, அதுதான் விதி.
வாளியின் மூடி விழுந்த பிறகே சொன்னார்:
ஆறு குடையை
மாடிவீட்டு ஒர்சோலாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

மதியமே தின்றுவிட்டாளாம்.
சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
எனக்கு ஒன்றுமில்லை, நல்ல ருசி என்கிறாள்
பாட்டுக்குழுவுக்குக் கிளம்பிய கோட்டுடன்.
ருசிதான். பிழைத்தவர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.
இந்த விஷம் அவசரப்படாது.
நள்ளிரவு வரை விருந்தாளி மாதிரி
உள்ளே உட்கார்ந்திருக்கும்.

ஆம்புலன்ஸ் ஒரு திசை. நாங்கள் ஒரு திசை.
டாக்டர் கேட்டிருந்தார்: எத்தனை?

பதின்மூன்று அறுத்தேன் என்றார்,
எண்ணிக்கையில் தவறாத சுங்கக்காரர்.
அப்படியானால் காட்டில்
தலையில்லாத தண்டுகள் பதின்மூன்று.
கஷ்கொட்டை முட்தோல்மேல் முழங்காலிட்டோம்.
அவர் டார்ச் பிடிக்க, நான் தோண்டினேன்.
ஒடித்தேன், சுண்ணம். ஒடித்தேன், சுண்ணம்.
ஒன்பதாவதில் வளையம்; அதற்குக் கீழே
கிழிந்த முட்டைத்தோல் போல வெள்ளைப் பை.
அது என் வாளியில் கிடக்கும் தலைக்கு உரியது.
இன்னொரு பை இருந்தால் அது அவள் வயிற்றுக்கு.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
பதின்மூன்றைக் காணோம்.

இலைகளை விலக்கினோம், திரும்ப மூடினோம்.
எல்லையின் அந்தப் பக்கத்து மாதாகோவில் எட்டு அடித்தது.
நகர்ந்து உட்காருங்கள் என்றேன், எதற்கென்றே தெரியாமல்.
அவர் முழங்காலுக்கு அடியில்
நசுங்கி, நனைந்த மாவாய், நார் ஒன்றுமின்றி.
தொட்டுப் பார்த்தேன். விரலில் சுண்ணம்.

பக்கத்திலேயே இன்னும் திறக்காத ஒன்று,
கோழிமுட்டை அளவு, சுத்தமான வெள்ளை.
நசுக்கட்டுமா என்று பூட்ஸைத் தூக்கினார்.
விடுங்கள். அது மரத்தின் ஆள்.
நமக்கும் அதற்கும் வழக்கு எதுவுமில்லை.

ஒர்சோலாவை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.
ஒத்திகை போன கோபத்தில்
ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

தாள்கள் இருநூறு மிச்சம்.
‘அறுங்கள்’ என்பதைப் பேனாவால் அடித்து
மேலே எழுதினேன், ஒவ்வொன்றாக:
சந்தேகமா? அடியோடு தோண்டி எடுங்கள்,
குழியை மூடுங்கள், பாதத்தையும் கொண்டு வாருங்கள்.
நாற்பதாவது தாளில் கை கடுத்தது.
எழுந்துபோய்
ஓர் உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.