ஒரு பந்திக்கு எத்தனை இலை

நல்லமங்கைவலசு அரண்மனையைப் புதுப்பித்துத்
திறந்துவிட்டார்கள். அறுபது ரூபாய்ச் சீட்டு.
வாசலில் காவலாளி
என் பையிலிருந்த தூக்குப்போசியை வாங்கி வைத்துக்கொண்டார்.
'விருந்து மண்டபத்துக்குள்ள
சாப்பாட்டுக்கு அனுமதி இல்லீங்க.'

ஆகட்டும்.
இருபத்திரண்டு வருசமாகக் கல்யாணச் சமையல் எடுக்கிறேன்.
வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம்,
எந்த மண்டபத்தில் கால் வைத்தாலும்
கண் முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் தேடும்.

கூட வந்தவர்கள் அண்ணாந்து நின்றார்கள்.
மேலே சுதைக்கிளிகள், வாயில் மாங்கொத்து.
கடுக்காய் ஊறிய தண்ணீர், பனைவெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு
எல்லாம் சேர்த்து அரைத்த சாந்து என்றாள்
வழிகாட்டும் பெண் ஹரிணி.
'அளவு சொல்லு கண்ணு' என்றேன்.
அவளுக்குத் தெரியவில்லை. சிரித்தாள்.

நான் தரையைப் பார்த்தேன்.
தண்ணீர் பாட்டிலை மட்டும் விட்டிருந்தார்கள்.
மூடியளவு கீழே ஊற்றினேன், கை தவறியதுபோல.
நின்று யோசித்தது தண்ணீர்,
பிறகு வடமேற்கு மூலைக்கு
வழி தெரிந்த மாடுபோல நடந்தது.
அடடா.
எண்ணூறு வருசத்துக்கு முன் எவனோ ஒருவன்
இலை எடுத்தபின் தரை கழுவுவதை
கல் பாவும்போதே நினைத்திருக்கிறான்.
மூலையில் மடைத்துளை இருந்திருக்கும்.
இப்போது அங்கே வழுவழுவென்று பூசி
பித்தளைக் குத்துவிளக்கு வைத்திருக்கிறார்கள்.
விளக்கின் காலடியில் என் தண்ணீர் தேங்கி நின்றது.

பலகை சொன்னது:
'இங்கு ஒரே பந்தியில் முந்நூறு பேர் அமர்ந்து உண்டனர்.'

படித்ததும் கால் தானாக அளக்க ஆரம்பித்துவிட்டது.
நீளம் தொண்ணூறடி.
சம்மணமிட்ட ஆளுக்கு, முழங்கால் இடிக்காமல், இரண்டேகால்.
வரிசைக்கு நாற்பது இலை.
அகலத்தில் நான்கு வரிசை. ஐந்தாவது போட்டால்
சோற்றுக் கூடையும் ரச வாளியும் எதிரெதிரே வந்து
யார் முதுகிலாவது ஊற்றிவிடும்.
நூற்றறுபது.
எப்படிப் போட்டாலும் நூற்றறுபது.

'மீதி நூத்தி நாப்பது பேர் எங்க கண்ணு உக்காந்தாங்க?'
'பலகையில அப்படித்தானுங்க்கா போட்டிருக்குது.'

எழுதிய கணக்கன் பொய் சொல்லியிருக்கலாம்.
ராசாவுக்கு எழுதுகிறவன்
குறைத்தா எழுதுவான்?
கல்யாண வீட்டுக்காரர் ஐந்நூறு என்பார்,
எண்ணூறு வரும். அது வேறு மாதிரிப் பொய்.

ஆனால் வடக்குச் சுவரில் ஒரு சிறு கதவு.
குனிந்தால்தான் போகலாம்.
இப்போது 'அவசர வழி' என்று பச்சை விளக்கு எரிகிறது.
தள்ளிப் பார்த்தேன்.
வெளியே ஒரு கல்மேடு, கூரையில்லை,
அதற்கப்பால் அமராவதிக்கு இறங்கும் தடம்.
வெயில்.

பந்தம் பிடித்தவர், பறை அடித்தவர்,
தலைச்சுமையாக நெல் கொண்டுவந்தவர்,
ஆட்டைத் தோலுரித்தவர்.
உண்டவர் கணக்கில் ஏறி
மண்டபத்தில் உட்காராதவர்கள்.

ஹரிணியிடம் சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
என் கணக்கு நோட்டு பையில் இருந்தது.
போன வைகாசி, போன ஆவணி, எந்தப் பக்கம் புரட்டினாலும்
கடைசி வரி என் கையெழுத்தில்தான்:
பின்னால் 40.
பின்னால் 65.
பாக்குமட்டைத் தட்டு. பாயசம் மிஞ்சினால்.

வெளியே வந்து போசியை வாங்கிக்கொண்டேன்.
அரிசியும் பருப்பும், ஆறிவிட்டது.
வெள்வேலமரத்து நிழலில் உட்கார்ந்தபோது
வெள்ளிங்கிரி போனில் கூப்பிட்டான்.
'ஞாயித்துக்கெழமக் கணக்கு சொல்லீட்டாங்களாக்கா?'
'நானூத்தம்பது எல.'
'பின்னால?'

காற்றாலை சுற்றுகிற சத்தம் இடையில் வந்தது.
காவலாளி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்,
பார்க்காததுபோல.
'அப்பறம் சொல்றேன், வை' என்றேன்.
போசி மூடியைத் துடைத்து
பாதிச் சோற்றைப் பிரித்து வைத்தேன்.
அவர் எங்கே உட்காருவார் என்று
பக்கத்தில் இடம் பார்த்தேன்.
முள் கிடந்தது. தள்ளிவிட்டேன்.