பன்னிரண்டில்

பகலில் நான் கேபிளைக்
கிலோமீட்டரில் எண்ணுபவன்.
லுசைலில் நாற்பது மாடி.
தளத்துக்கு இத்தனை, லிஃப்டுக்கு இத்தனை,
சேதாரம் நூற்றுக்குப் பத்து,
கையெழுத்து, முத்திரை.
ஒருநாளும் யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை, மன்சூராவில், மூன்றாம் மாடியில்
சைட் டேப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு
சோபாவுக்குப் பின்னால் தவழ்கிறேன்.

இடது ஸ்பீக்கர் சாது.
அடுப்படிச் சுவரோடு ஒட்டி,
ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது:
இரண்டு மீட்டர் பத்து.
வலதுதான் வழக்கு.
நடுவே பால்கனிக் கதவு.
கண்ணால் அளந்தால் மூன்றரை.
ஒயர் கண்வழி போகாது.
நிலையேறி, தலைக்கு மேல் நடந்து,
அந்தப் பக்கம் இறங்கி,
ஏசி சொட்டும் மூலையை விலக்கிக்கொண்டு
எட்டு மீட்டர் நாற்பது.

இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டுமாம்.
கடைக்காரர் குஞ்ஞாலி போனில் சொன்னார்,
இல்லையென்றால் ஒரு பக்கம் முந்திப் பாடுமாம்.
அந்த ஆறு மீட்டரை மின்சாரம் கடப்பதற்குள்
ஒரு கொசு இறக்கையைக்கூட மடக்கியிருக்காது.
தெரியும்.
தெரிந்தும் சரி என்றேன்.
கன்சல்டன்ட் முன்னால்
தலையாட்டிப் பழகிய கழுத்து.

"எவ்வளவு வெட்டச் சொல்ல, இமல்டா?"

மீன் கழுவிய கையோடு எட்டிப் பார்த்து
"எந்த வீட்டுக்கு?" என்றாள்.

மார்ச்சில் வாடகைப் பத்திரம் முடிகிறது.
எட்டு வருடத்தில் இது ஐந்தாவது சாவி.
நஜ்மாவில் ஹால் ரயில்பெட்டி மாதிரி நீளம்.
சம்பளம் குறைந்த வருடத்து ஒற்றை அறையில்
ஸ்பீக்கர்கள் பெட்டிக்குள்ளேயே
கட்டிலுக்கடியில் படுத்திருந்தன.
ஒயரைக் குறைக்கலாம், வளர்க்க முடியாது.
முறுக்கி டேப் சுற்றினால் ஓடும்.
ஓடும்தான்.
சைட்டில் அப்படி ஒன்றைக் கண்டால்
பிய்த்தெறியச் சொல்பவன் நான்.

கடை மேசையில் இரண்டு பித்தளை ஆணி,
இடையில் சரியாக ஒரு மீட்டர்.
குஞ்ஞாலி இழுக்கிறார்.
ஏழு. எட்டு. ஒன்பது.
கத்தரி வாய் திறந்து காத்திருக்கிறது.
"முறிச்சால் பின்னெ திரிச்செடுக்கில்ல கேட்டோ."
பத்து.
போதும் என்று சொல்ல வேண்டியது நான்.
பின்னால் ஒருவர் மிக்ஸி ஜாரோடு இருமினார்.
பன்னிரண்டில் சொன்னேன்.
அதே போல் இன்னொன்று.

ராத்திரி இணைத்து முடித்தபோது
வயலின் அடுப்படியிலிருந்து வந்தது,
மிருதங்கம் பால்கனியில்.
இடமும் வலமும் மாறிவிட்டது.
மறுபடி குனியப் போனேன்.
"இருக்கட்டும்.
வயலின் இந்தப் பக்கமே இருக்கட்டும்"
என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

வலப்பக்கம் மிச்சம் மூன்று அறுபது.
இடப்பக்கம் ஒன்பது தொண்ணூறு,
சோபாவின் பின்னால் சுருண்டு கிடந்தது.
குபூஸ் பாக்கெட்டின் வாய்க்கம்பியால்
அவளே அதைக் கட்டி உள்ளே தள்ளினாள்.

ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டிகளை எறியவில்லை.
பால்கனியில்
மணல் படிந்து நிற்கின்றன,
தெர்மோகோல் உட்பட.