கண்ணாடியில் ஒரு கொசு

புறப்படுமுன் வெர்னா கண்ணாடியைத் துடைக்கிறாள்.
கிழிந்த பனியன் துணி, ஒரு குவளை ஏரித் தண்ணீர்.
ஜூன் மாத அலாஸ்காவில்
கொசுவுக்குப் பஞ்சமில்லை.
நேற்றைய பறத்தலில் மோதிச் செத்தவை
முப்பது நாற்பது இருக்கும்.
நகத்தால் சுரண்டியாவது எடுத்துவிடுவாள்.
செத்த கொசுவும்
மூன்று மைல் தள்ளி வரும் விமானமும்
ஒரே அளவு.

பின்னால் நாய்த்தீனி நான்கு மூட்டை,
படகு மோட்டாரின் விசிறி ஒன்று.
முன்னிருக்கையில் ஃபெடோசியா,
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு
டயோனெக்குக்குத் திரும்புகிறாள்.
மடியில் முட்டைத் தட்டு.
வாய் நிறையப் பஞ்சு.

மிதவைகள் ஏரியை விட்டுப் பிரிந்ததும்
தண்ணீர் பின்னால் சொட்டிக்கொண்டே வருகிறது.
பக்கத்திலேயே பெரிய விமான நிலையம்:
ஆசியாவின் தொலைக்காட்சிப் பெட்டிகளை
வயிற்றில் அடைத்துக்கொண்டு
நான்கு எஞ்சின் யானைகள் இறங்குகின்றன.
வடக்கே போர்விமானத் தளம்.
கிழக்கே இன்னொரு சின்ன ஓடுதளம்,
அங்கே பதினேழு வயதுப் பையன்கள் பழகுகிறார்கள்.
மிச்சமிருக்கும் வானம்
அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி அகலம்.
அதில்தான் ஏறுபவர்களும், இறங்குபவர்களும்,
சால்மன் பிடிக்கப் போகிறவர்களும்.

நீர்க்காலின் நடுவே ஒரு கோடு உண்டு.
வரைபடத்தில் மட்டும் உண்டு.
கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அலைவரிசை,
அந்தப் பக்கம் வேறு.
வெர்னா தன் பெயர் சொல்கிறாள், உயரம் சொல்கிறாள்,
போகுமிடம் சொல்கிறாள்.
யாரும் பதில் பேசவில்லை.
யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

அப்போது ஃபெடோசியா
கட்டைவிரலை எச்சில்படுத்தி
கண்ணாடியில் ஓரிடத்தைத் தேய்த்தாள்.
போகவில்லை.
மறுபடி தேய்த்தாள்.

வெர்னா பார்த்தாள்.
நான் ஒன்றையும் விடவில்லையே.

தலையை ஒரு சாண் சாய்த்தாள்.
கொசுவாயிருந்தால் தூரத்து மலைமேல் நகர்ந்திருக்கும்.
இது மலையோடேயே நின்றது.
கண்ணாடிக்கு வெளியே, வெகுதூரம் வெளியே,
அசையாமல்.

அசைகிற விமானத்துக்குப் பயமில்லை.
அது இடமோ வலமோ வழுக்கி
தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.
நின்ற இடத்திலேயே நின்று
பெருக்க மட்டும் செய்கிற புள்ளிதான்
நம் பெயருக்கு எழுதியது.

தமிழில் எழுதுகிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.
எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி வைத்தால்
உயிர் போய்விடுகிறது,
மெய் மட்டும் கிடக்கிறது.

வலப்பக்கம் சாய்த்துக் கீழே விட்டாள்.
மூட்டைகள் உருண்டன.
புள்ளிக்கு இறக்கை முளைத்து, மிதவை முளைத்து,
சிவப்பு முளைத்து,
இடது இறக்கைக்கு மேலே ஒரு வீட்டளவு கடந்தது.
மிதவையிலிருந்து தொங்கிய கயிற்றின் நுனிமுடிச்சு தெரிந்தது.
ஓட்டியவரின் உச்சந்தலை தெரிந்தது.
குனிந்து ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்,
கோட்டைத் தாண்டப் போகிறோமே என்று,
விதிப்படி.

நிமிரவே இல்லை.

முட்டையில் இரண்டு உடைந்தன.
பஞ்சு வழியாக ஃபெடோசியா ஏதோ சொன்னாள்,
திட்டாகவும் இருக்கலாம், ஜெபமாகவும் இருக்கலாம்.
வெர்னா உயரத்தைச் சரிசெய்துவிட்டு
மறுபடி பெயர் சொன்னாள், உயரம் சொன்னாள்.
குரல் மட்டும் கொஞ்சம் மேலே போயிருந்தது.

இரவு பத்து மணி வெயில்.
திரும்பி வந்து ஏரிக்கரையில் கட்டும்போது
நான்கு விமானம் தள்ளி அந்தச் சிவப்பு.
அறுபது வயதிருக்கும்; மழைக்காலணி;
தொங்கிய கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.
சொல்ல வேண்டியதை
அவள் ஏரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள்.

பக்கத்தில் போனதும்
அவர் தன் கண்ணாடியைக் காட்டிச் சிரித்தார்:
இந்த வருஷம் கொசு ஜாஸ்தி, இல்லையா?

கண்ணாடி முழுக்க, உச்சி முதல் அடிவரை,
கரும்புள்ளி செம்புள்ளி.

வெர்னா ஒன்றும் பேசவில்லை.
குவளையில் ஏரியை மொண்டு
பனியன் துணியை அவர் கையில் வைத்தாள்.
அவர் துடைத்து முடிக்கும்வரை
அங்கேயே நின்றாள்.
மேல் மூலையில் ஒன்று விட்டுப்போயிருந்தது.
அதையும், என்றாள்.