பதினாறில் ஒன்று

ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனியும் அறிவித்தன
ஒரே டாங்கியை.
நீலப் பெட்டிக்காரனுக்கு இயந்திர மூடி திறக்கும்.
சிவப்புப் பெட்டிக்காரனுக்குச் சங்கிலி உலோகம்,
கூடவே இனாமாக இரண்டு சிப்பாய்கள்,
அதில் ஒருவன் ரொட்டி தின்கிறான்.

பண்டாரவளையில் மழை.
பாமசிக் கல்லாவுக்கடியில் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு
இருமலுக்கு வந்தவரிடம் வயது கேட்டேன்.
எண்பத்தோராயிரம் என்று
சீட்டில் எழுதிவிட்டேன்.

பொறுங்கள், இன்னும் இறங்கும் என்று
தியத்தலாவைக்குப் போன் பண்ணினேன்.
சார்ஜன்ட் விஜேகோன் பொறுக்கிறவர் இல்லை.
பென்ஷன் வந்த அன்றே நீலத்துக்குக் கட்டிவிட்டார்.
அவருடைய தமிழும் என் சிங்களமும்
பாதி வழியில் நின்றுவிடும்.
மீதி வழிக்கு ரிவெட் எண்ணிக்கை போதும்.

பத்து நாளில் சிவப்பு எழுபத்திரண்டுக்கு வந்தது.
சிரித்தேன்.
போன வருஷம் முழு விலைக்கு வாங்கிய என் பழைய டாங்கி
கண்ணாடி அலமாரிக்குள்
நின்ற இடத்திலேயே பாதி விலைக்கு இறங்கியது.
பனி அதன் இலக்கத்தை உரிக்காதபடி
மாத்திரைப் போத்தல்களில் பொறுக்கிய
ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சுற்றி அடுக்கியிருந்தேன்.
அதற்கு எதை அடுக்குவது?

போட்டி நல்லதுதான், சொல்லக்கூடாது.
அந்த மூன்று வருஷமும் ஒரு சில்லு உடைந்து வந்தால்
ஒன்பதாம் நாள் மூன்று சில்லு வரும்,
'மதிப்புக்குரிய திரு மகுடபதி' என்று
மன்னிப்புக் கடிதத்தோடு.
வங்கிகூட எனக்கு அப்படி எழுதியதில்லை.

ஆனால் விற்பது ஒன்றுதான்: டைகர்.
நீலம் செய்தால் சிவப்பும் டைகர்.
முன்வரிசை டைகர், பின்வரிசை டைகர்,
பனிக்கு வெள்ளையடித்தது, பாலைவனத்துக்கு மஞ்சள்.
கருவிப்பெட்டி அரை அங்குலம் தள்ளியிருந்ததாம்,
திருத்தி வெளியிட்டார்கள்.
ஒரு கருவிப்பெட்டிக்காக
ஒரு முழு டாங்கி வாங்கினோம் இருவரும்.

முதல் டைகர் வந்தது இரண்டாயிரத்து ஏழில்.
தபால் கந்தோரில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
சந்தியில் இறக்கினார்கள்.
பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அந்தப் பெயர்.
வாசித்தவனுக்கு இருபது வயதிருக்கும்.
கொட்டியாத? என்றான்,
என்னையா பெட்டியையா கேட்டான் என்று தெரியவில்லை.

கவச ட்ரக் ஒன்று நின்றது. அதன் பின்சில்லுக்குப் பக்கத்தில்
முழங்காலில் இருந்தேன், பெரியவர் வரும்வரை
இரண்டு மணி நேரம்.
வந்தவர் பிரித்துப் பார்த்தார்.
பீரங்கி சுழலுமா என்று கேட்டார்.
சுழலும் என்றேன்.
சுழற்றிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

அந்த ட்ரக்கை எவனும் செய்யவில்லை.
நீலத்துக்கும் எழுதினேன், சிவப்புக்கும் எழுதினேன்.
இரண்டு பேரும் உடனே பதில் போட்டார்கள்,
மரியாதையாக,
உலகச் சந்தையில் அதற்குக் கேள்வி இல்லையென்று.

பிறகு டொலர் ஏறியது, இறக்குமதி நின்றது.
கதவு மறுபடி திறந்தபோது சிவப்பு இல்லை.
நீலம் தனியாக நின்று
ஒன்றரை இலட்சம் என்றது.
பெட்டிக்குள் பஞ்சு மெலிந்திருந்தது.
உடைந்த சில்லுக்கு நான்கு கடிதம் போட்டேன்.
மதிப்புக்குரியவன் யாரும் இங்கே வசிப்பதாக
அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

மருந்து வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டி
நானே செய்கிறேன் ட்ரக்கை.
பதினாறில் ஒன்றாக்கினால்
அந்தச் சில்லு என் உள்ளங்கைக்குள் அடங்குகிறது.
சார்ஜன்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வருவார்,
கண்ணாடி தப்பு, படி தப்பு என்று கழற்றிவிட்டுப் போவார்.
அவர் அந்தச் சந்தியில் நின்றவரில்லை,
வேறெங்கோ இருந்தார்.
எங்கே என்று நான் கேட்டதில்லை.

சில்லுக்கு நட்டு பத்து என்கிறார்,
ஆறு வருஷம் அதில் ஏறி இறங்கியவர்.
எட்டு, சார்ஜன்ட்.
எண்ணியிருக்கிறேன்.

இந்த வாரமும்
சில்லை ஒட்டவில்லை.