அறுபத்திரெண்டாயிரம்

ஐஸ் கொம்பனியில் கணக்கெழுதுகிற எனக்கு
எதையும் நடுவில் கோடு போட்டுத்தான் யோசிக்க வரும்.
ஏழாம் மாசமே கொப்பியின் கடைசித் தாளைத் திருப்பி
பேறுச் செலவு என்று தலைப்புப் போட்டேன்.

பெரியாஸ்பத்திரிக்குக் காசில்லை.
ஓட்டோவுக்குப் போக வர நாலாயிரம்,
துண்டில் எழுதித் தந்த சாமான்:
டெட்டோல், சுடுதண்ணிப் போத்தல், பழஞ்சீலைத் துணி பன்னிரண்டு.
மூத்தவன் அங்கேதான் பிறந்தான்.
ஒரே கட்டிலில் நானும் தம்பலகாமத்துப் பெண்ணொருத்தியும்
தலைமாறிக் கிடந்தோம்.
அவளுடைய குதிக்கால் வெடிப்பு ஞாபகமிருக்கிறது,
பெயர் இல்லை.
தயாபரன் கேற்றடியில் நின்று
செக்கியூரிட்டியிடம் ஆறு தரம் கேட்டானாம்,
என்ன பிள்ளை என்றல்ல,
"கத்துறது அவவா?" என்று.

அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நிலாவெளி றோட்டில், உப்பளம் தாண்டி
பிலோமினா மிஸியின் மனை. கட்டில் மூன்று.
அறுபத்திரெண்டாயிரம், பாதி முற்பணம்.
காப்பில் ஒன்று அடைவுக்குப் போனது.
"சும்மா கிடைக்கிறதுக்கு ஆரும் காசு குடுப்பாங்களா?"
மாமி கேட்டது நியாயம்தான்.

மிஸி ஒன்றும் மறைக்கவில்லை.
முதல் நாளே விரல் மடித்துச் சொன்னா:
இங்கே ஒப்பரேசன் இல்லை. ஏற்ற இரத்தம் இல்லை.
டொக்டர் கூப்பிட்டால் வருவார்,
கூப்பிட்ட உடனே வருவாரென்றில்லை.
வாசலில் அம்புலன்ஸ் நிற்கும்.
ரவுணுக்குப் பதினாறு கிலோமீற்றர்.
யோசி பிள்ளை.

யோசித்தேன். பிரஷர் சரி, சீனி வருத்தமில்லை, தலை கீழே.
யோசித்துவிட்டுக் காசு கட்டினேன்.

ஆனி மாசம். கச்சான் இரவு முழுக்கக் கதவை அடித்தது.
படு என்று யாரும் சொல்லவில்லை.
நடந்தேன். யன்னல் கம்பியைப் பிடித்துக் குந்தினேன்.
தயாபரன் இடுப்பை இரண்டு கையாலும் அமத்தினான்,
இறுகிய போட் எஞ்சினைத் திறக்கிற நிதானத்தோடு.
எத்தனை தரம் கழுவியும் அந்தக் கையில் பெற்றோல் மணம்.
வாந்தி வந்தது. கூடவே சிரிப்பும்.
விடியப்புறம் மூன்று இருபதுக்கு மகள்.
கொடி துடித்து அடங்கும்வரை காத்திருந்து
மிஸி கத்தரிக்கோலை அவனிடம் நீட்டினா.
நடுங்கிய கையை அவவே பிடித்து வெட்டுவித்தா.

வரவுப் பக்கம் நிறைந்துவிட்டது.
கணக்கை அங்கேயே மூடியிருக்கலாம்.

இரண்டாம் கட்டிலில் ஹிதாயா, இக்பால் நகர்.
பின்னேரம் தன் பிளேன்ரீயில் பாதி எனக்கு ஊற்றித் தந்தவ.
எனக்குப் பிறகு ஒரு மணித்தியாலத்தில் அவவுக்கு மகன்.
பிள்ளை சுகமாக வந்தது.
இரத்தம் நிற்கவில்லை.
மிஸியின் குரல் உயரவில்லை, நடை மட்டும் மாறியது.
ஊசி, சேலைன், வயிற்றை அழுத்துகிற முட்டிக்கை,
பிறகு அம்புலன்ஸின் சிவப்பு வெளிச்சம்
என் நுளம்பு வலையில் இரண்டு தரம் சுற்றிப் போனது.
அவசரத்தில் பிள்ளையை என்னருகே கிடத்திவிட்டார்கள்.
இந்தப் பக்கம் என்னுடையது, அந்தப் பக்கம் அவவுடையது.
எது அழுதாலும் என் மார்பு கூசியது.
பதினாறு கிலோமீற்றர் எவ்வளவு நீளமென்று
சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஹிதாயா இருக்கிறா. கருப்பைதான் இல்லை.
விடிந்ததும் அவவின் தம்பி வந்து
பிள்ளையைத் துவாயில் சுற்றி எடுத்தான்.
மிஸி மிச்சக் காசை வேண்டாமென்றா.
அவன் எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

இப்போது எங்கள் கொம்பனிச் சுகிர்தாவுக்கு ஐந்து மாசம்.
"அங்கே போகட்டா அக்கா?"
ஓம் என்று வாய் வந்தது, நின்றது.
கொப்பியை அப்படியே நீட்டினேன்.
கடைசி வரிக்கு ஏன் காசு போடவில்லை என்றாள்.
தெரியவில்லை என்றேன்.
அவள் குச்சவெளி. அங்கிருந்து ரவுணுக்கு
பாலங்களையும் சேர்த்து
விரலில் எண்ணத் தொடங்கினாள்.

காப்பு இன்னும் மீளவில்லை.
வட்டி மாசாமாசம் கட்டுகிறோம்.