சொறி

இந்த ஊரில் கதவில் முட்டினாலும் சொல்கிறார்கள்,
கதவிடமே.
போன கிழமை ஏஜாக்ஸ் கடையொன்றில்
என் வண்டில்தான் ஒருவருடைய குதிக்காலில் ஏறியது.
அவர் முந்திக்கொண்டார்: சொறி.
நானும் சொறி என்றேன்.
அந்தப் பதற்றத்தில் பால் பையை எடுக்க மறந்து வந்தேன்.

என் வேலை தொலைபேசியில்.
நிமிடத்துக்கு எழுபது சதம்,
நிலவறையில், உடுப்பு உலர்த்தி ஓடாத நேரங்களில்.
வங்கி, பள்ளிக்கூடம், வாடகை மன்றம், ஆஸ்பத்திரி,
எல்லோரும் இந்தச் சொல்லோடுதான் வருவார்கள்.
ஒன்ராறியோவில் இதற்குச் சட்டமே இருக்கிறது:
சொறி சொன்னதை வைத்துக்
குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுக்கக் கூடாது.
அவ்வளவு மலிவு.
அல்லது அவ்வளவு பயம்.

தை மாதம். பின்னேரம் ஐந்தேகால், இருட்டிவிட்டது.
லைனில் ஒரு டொக்டர், பெண், மக்கின்னன் என்றார்.
மற்றவர் நவரத்தினராசா.
மனைவியின் பெயரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை,
நோயாளி என்றார்கள்.
டொக்டர் ஒரு வசனம் சொன்னார்.
அதன் முன்வாசலில் அந்தச் சொல்.

மன்னிக்க வேணும், என்றேன் நான்.
வாய்ப் பழக்கம்.
பிறகு மீதியைச் சொன்னேன்.

லைன் கன நேரம் வெறுமையாய்க் கிடந்தது.
ஏதோ ஒரு மெஷின் மட்டும் விட்டுவிட்டுக் கூவியது.
"மன்னிக்கச் சொல்லுறாவோ?
அவ என்ன பிழை விட்டவ?
கேள் பிள்ளை, என்ன பிழை விட்டவ எண்டு கேள்."

விதிப்படி அதையும் அப்படியே அந்தப் பக்கம் கொடுத்தேன்.
டொக்டர் திணறினார்.
பிழையில்லை, ஒரு பிழையும் நடக்கவில்லை என்றார்.
அதற்கு முன்னாலும் ஒரு சொறி.
இந்த முறை அது என் தொண்டையிலேயே நின்றுவிட்டது.
பதினொரு நிமிடம் என்று பில் வந்தது.

இரவு அகராதியைத் திறந்தேன்.
துக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொரோ
இதற்கு உடன்பிறப்பு இல்லையாம்.
அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்து
முகச்சாயல் ஒட்டிக்கொண்டதாம்.
பெற்றவள் வேறு:
நோவு. புண். தொட்டால் சுடுகிற தோல்.
ஆயிரம் வருடத்துக்கு முன் இதைச் சொன்னவன்
எவரிடமும் எதையும் கேட்கவில்லை.
எனக்கு நோகிறது என்றான்.

சென்னைக்காரர் சாரி என்று எழுதுகிறார்கள்.
நாங்கள் யாழ்ப்பாணத்தில்
வல்லின றகரம் போட்டுச் சொறி என்று எழுதினோம்.
வகுப்பில் சிரித்துமிருக்கிறோம்:
தெருநாய்க்கு வருமே, அது.
சொறியச் சொறிய விரியும் சிவப்பு.
இத்தனை காலமும் அதை
எங்களுடைய எழுத்துக் கோளாறு என்றே நினைத்திருந்தேன்.

ஐயா, அவ பிழை ஒண்டும் விடேல்லை.
அவவுக்கு நோகுதாம்.

உலர்த்தியின் முன் நின்று
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.
ஆட்களின் இலக்கத்தைக் குறித்து வைக்க
எங்களுக்கு அனுமதி இல்லை.